ஊறப்போட்ட தப்பு

ஜூன் 3, செவ்வாய்

முதலில் மன்னிப்பு. இது அக்காவின் நோட்டு. பிறக்கப்போகும் குழந்தைக்குச் சட்டை தைக்க அளவு வரைந்து பார்ப்பதற்காக வாங்கினாள். இரண்டு பக்கம் வரைந்துவிட்டு அலமாரியில் போட்டுவிட்டாள். கேட்காமல் எடுத்துக்கொண்டேன். எழுதுகிற அளவுக்கு என் வாழ்க்கையில் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. அதற்கும் சேர்த்தே மன்னிப்பு.

ஆபீசில் நான் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் அளக்கிறார்கள். எத்தனை வரி, எவ்வளவு நேரம், எத்தனை முறை அழித்தேன் என்று எல்லாமே அங்கே கணக்கு. அளக்காத இடத்தில் என் கை எப்படி எழுதும் என்று பார்க்க ஆசையாக இருந்தது. வேலையைப் பற்றி வெளியே யாரிடமும் பேசமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். நோட்டிடம் பேசக்கூடாது என்று அதில் எங்கும் இல்லை.

வேலை இதுதான். மூன்றாவது மாடி, திறக்க முடியாத ஜன்னல்கள், வரிசையாக நாங்கள். திரையில் ஒரு கேள்வி வரும். யாரோ எங்கிருந்தோ கேட்டது. கீழே செயற்கை நுண்ணறிவு அதற்குச் சொன்ன பதில். பதிலுக்கு மதிப்பெண் போட்டு, தப்பு எங்கே, ஏன் தப்பு, எப்படிச் சொல்லியிருக்க வேண்டும் என்று நாங்கள் எழுத வேண்டும். அதைத் தின்று அது வளரும்.

அதற்கு ‘மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்தது என் பக்கத்து சீட்டுக்காரி. ஒல்லி. எதிரில் யார் வந்தாலும் குத்தாமல் விடமாட்டாள். எல்லோரும் குண்டூசி என்றே கூப்பிடுவார்கள், அவளும் தண்ணீர் பாட்டிலில் அதையே எழுதி ஒட்டியிருக்கிறாள். நான் சேர்ந்த அன்று அவள் சொன்னது:

“விழுந்து விழுந்து கவனிக்கணும், நல்லதாப் பாத்துப் பாத்து ஊட்டணும், அவர் முகம் கோணக்கூடாது. மாப்பிள்ளை இல்லாம வேற யாரு? உலகத்துலயே முதல் தடவையா மாப்பிள்ளைக்குக் குத்தம் கண்டுபிடிக்கச் சம்பளம் தர்றாங்க. அனுபவிடி.”

அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம், “என் சின்னப் பொண்ணு கம்ப்யூட்டருக்கே பாடம் எடுக்குறா” என்கிறார். நான் அம்மாவின் பின்னால் போய் நின்றுகொள்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

இன்று பிடித்த தப்பு. அப்பாவை இழந்த நண்பனுக்கு என்ன எழுதி அனுப்பலாம் என்று ஒருவர் கேட்டிருந்தார். மாப்பிள்ளை உருக்கமாக நாலு வரி எழுதிக் கொடுத்துவிட்டு, முடிவில் ‘இனிய நாளாக அமையட்டும்!’ என்று சேர்த்திருந்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை. குண்டூசி எட்டிப் பார்த்தாள். “எழவு வீட்டுக்குப் போயிட்டு ‘வர்றேங்க, சந்தோஷம்’னு சொல்லிட்டு வர்ற ஆளு. எங்க சித்தப்பா மாதிரியே இருக்காருடி.”

நிம்மதியாக இருந்தது. இப்படித் தப்பு செய்கிற ஒன்றைப் பார்த்து எதற்குப் பயப்பட வேண்டும்?

ஜூன் 13, வெள்ளி

மாப்பிள்ளையின் புது வடிவம் வந்துவிட்டது. பழைய கேள்விகளை மறுபடி கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னார்கள். அந்தத் துக்கக் கேள்வியும் வந்தது.

இந்த முறை கடைசியில் வாழ்த்து இல்லை. ‘எதுவும் சொல்லத் தோன்றவில்லை என்றால், பக்கத்தில் போய் உட்காருங்கள். அதுவே போதும்’ என்று இருந்தது. மூன்று முறை படித்தேன். நான் எழுதியிருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.

போன வாரம் திக்கிக்கொண்டிருந்தது இந்த வாரம் மேடை ஏறிவிட்டது. ஏன் இவ்வளவு வேகம்? ஒரு குழந்தை நடக்கவே ஒரு வருஷம் எடுத்துக்கொள்கிறதே?

குண்டூசியிடம் கேட்டேன். “நீ திருத்தினதை நீயே மறந்துடுவ. அது மறக்காது. நம்மள மாதிரி எத்தனை ரூம் இருக்குன்னு நினைக்கிற? எல்லா ரூம்லயும் எல்லாரும் ஒருத்தருக்கே சொல்லிக்கொடுத்தா, அந்த ஒருத்தர் முட்டாளாவே இருந்தாலும் தேறிடுவாரு.”

பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் வீட்டிலும் அதைத்தானே செய்தார்கள். அக்கா பத்தாவதோடு நிறுத்திவிட்டுத் தையல் கம்பெனிக்குப் போனாள். அப்பா பார்சல் வண்டி ஓட்டினார். அம்மா தன் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டாள். எல்லோரும் சேர்ந்து ஒருத்தியை மட்டும் மேலே தள்ளினார்கள். அந்த ஒருத்தி நான். இப்போது உலகமே சேர்ந்து அதைத் தள்ளுகிறது.

தள்ளியவர்கள் எல்லோரும் கீழேயே நிற்கிறார்கள். எங்கள் வீட்டைப் போலவே.

ஜூன் 17, செவ்வாய்

எங்களுக்கு ஒரு நாளைக்கு இத்தனை தப்பு பிடித்தாக வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. குறைந்தால் திரையில் பெயர் சிவப்பாகிவிடும். முன்பெல்லாம் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். இந்தப் புது வடிவத்தில் தேடித் தேடிக் கண் பூத்துவிட்டது. எல்லாப் பதிலும் சரியாகவே இருக்கிறது. அறையில் எல்லோர் முகத்திலும் ஈயாடவில்லை. “தப்புப் பஞ்சம்” என்றாள் குண்டூசி.

நான் சிவப்பாகிவிடுவேனோ என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்துவிட்டாள் போல. டீ குடிக்கும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“உனக்கு ‘பிறகு’ பட்டன் எதுக்குன்னு தெரியுமா?”

“சந்தேகமா இருந்தா அப்புறம் பாக்குறதுக்கு.”

“பச்சப் புள்ள. நல்ல தப்பு கிடைக்குற அன்னைக்கு எல்லாத்தையும் கொட்டிடாத. கணக்கு முடிஞ்சுதா, மிச்சத்தை ‘பிறகு’ல போட்டு ஊறப்போடு. பஞ்சத்துல எடுத்து உலை வைக்கலாம். இங்க எல்லாரும் அப்படித்தான். இத்தனை நாளா உனக்கு மட்டும்தான் தெரியாது.”

“டீம் லீட்டுக்குத் தெரிஞ்சா?”

“அவருக்குத் தேவை பச்சைக் கட்டம். அது எங்கேர்ந்து பச்சையாச்சுன்னு அவர் என்னைக்காவது கேட்டிருக்காரா?”

ஜூன் 18, புதன்

இன்று முதல் தப்பை ஊறப்போட்டேன். யாரோ பார்ப்பது போலவே இருந்தது. யாரும் பார்க்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

மாமாவுக்குத் தூரத்து ஊரில் கட்டட வேலை. அதனால் பிரசவம் வரைக்கும் அக்கா எங்களோடுதான். ஏழாவது மாதம். அவள் கட்டிலில் படுப்பாள், நான் கீழே பாய் விரித்துப் படுப்பேன்.

இன்று மத்தியானம் தூங்கலாம் என்று படுத்தால் ஓயாமல் கேள்வி. “பப்பாளிப் பழம் சாப்பிடலாமாடி? குழந்தை ஒரே பக்கமா உதைக்குதே, அது நல்லதா? நீ படிச்சவதானே, சொல்லேன்.”

வாரம் முழுக்கக் கேள்விகளுக்கு நடுவே உட்கார்ந்த எரிச்சல். “போன்ல கேளுக்கா. அதுதான் எல்லாத்துக்கும் பதில் சொல்லுதே” என்று சுவர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கேட்டாள். அது பதில் சொன்ன விதத்தைக் கேட்டதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. அந்த முதல் வாக்கியம், அந்தப் பணிவு — மாப்பிள்ளையேதான். எங்களுக்குக் கம்பெனியின் பெயரைச் சொல்வதில்லை. ஆனாலும் வளர்த்த பிள்ளையின் குரல் தெரியாதா? என் அக்காவின் கைக்குள் அவர் உட்கார்ந்திருக்கிறார்.

“உன்னைவிட இது தேவலை” என்றாள் அக்கா. “கிளினிக்ல அந்தம்மாகிட்ட ஒண்ணு கேட்டா, ‘அதான் போன தடவையே சொன்னேனே, காது கேக்காதா’ன்னு எரிஞ்சு விழறா. இதுகிட்ட ஒரே கேள்வியைப் பத்து தடவை கேளு, திட்டாது.”

ஏன் இவ்வளவு வேகமாக எல்லா வீட்டுக்குள்ளும் அது நுழைகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேனே, பதில் கட்டிலில் உட்கார்ந்திருந்தது. பாங்கில், கிளினிக்கில், ரேஷன் கவுன்டரில், பள்ளிக்கூட வாசலில் என்று எங்களைப் போன்றவர்கள் கேள்வி கேட்ட இடத்திலெல்லாம் திட்டு வாங்கியிருக்கிறோம். முதல் முறையாகத் திட்டாத ஒன்று வந்திருக்கிறது. யார்தான் விடுவார்கள்?

ஜூன் 27, வெள்ளி

காலையில் இரண்டு நாற்காலிகள் காலி. சிவப்பு வாங்கியவர்கள். மேஜை மேல் இருந்த சின்னச் செடியைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போயிருக்கிறார்கள். குண்டூசி அதற்குத் தண்ணீர் ஊற்றினாள். அவள் பேசாமல் இருந்தால் எனக்குப் பயம் அதிகமாகிறது.

மத்தியானம் ஒரு கேள்வி. ஒரு பெண். முதலில் ‘ஏழாம் மாசம் நடக்குது, எந்தப் பக்கம் சாய்ஞ்சு படுக்கணும்’ என்று கேட்டிருக்கிறாள். நல்ல பதில். அப்புறம் குழந்தைத் துணி பற்றி ஏதோ. அதற்கும் நல்ல பதில். கடைசியில்: ‘ரெண்டு நாளா தலைவலி. கண்ணு முன்னாடி சின்னச் சின்னதா மின்னுது. காலும் வீங்கியிருக்கு. வேலை ஜாஸ்தி பண்ணதாலதானே?’

மாப்பிள்ளை சொன்னது: ‘ஆமாம், அதிக வேலை செய்தால் இப்படி வருவது இயல்புதான். நன்றாக ஓய்வு எடுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். போன் பார்ப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.’

ஏழாம் மாதம் என்று அவள் முதலில் சொன்னதையே மறந்துவிட்டிருந்தார். அதைவிட, அவள் ‘வேலையாலதானே’ என்று கேட்டதற்கு அப்படியே ஆமாம் போட்டுவிட்டார். இது எங்கள் ஆட்கள் கேட்கிற விதம். கேள்விக்குள்ளேயே பதிலையும் வைத்துக் கேட்போம். அப்போதுதான் எதிரில் இருப்பவருக்குக் கோபம் வராது. அவர் தலையாட்டினால் போதும். மாப்பிள்ளையும் தலையாட்டக் கற்றுக்கொண்டுவிட்டார். யார் கற்றுக்கொடுத்தது? பணிவான பதிலுக்கெல்லாம் அதிக மதிப்பெண் போட்டது நாங்கள்தானே.

நல்ல தப்பு. அறையில் வேறு யார் கண்ணிலும் பட்டிருக்காது. ஆனால் இன்றைய கணக்கு முடிந்துவிட்டிருந்தது. அந்தக் காலி நாற்காலிகளைப் பார்த்தேன்.

‘பிறகு’.

ஜூலை 1, செவ்வாய்

லீட் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார். இந்த மாதக் கடைசியில் பாதிப் பேர்தான் இருப்பார்களாம். யார் அதிகத் தப்பு பிடிக்கிறார்களோ அவர்கள். “மனசுல வெச்சுக்காதீங்க, வெறும் நம்பர்தான்” என்றார். மனதில் வைத்துக்கொள்ளக் கூடாத விஷயத்தை இப்படியா நிற்க வைத்துச் சொல்வார்கள்?

குண்டூசி காதோடு சொன்னாள்: “இனிமே ஒண்ணையும் வெளிய எடுக்காத. கடைசி வாரத்துல கொட்டு. அப்பத்தான் நிப்ப.”

வீட்டில் சொல்லவில்லை. அப்பா இன்றும் யாரிடமோ போனில், “கம்ப்யூட்டருக்கே…” என்று ஆரம்பித்தார். அவருக்கே இப்போது ஒரு மெஷின்தான் வழி சொல்கிறது. எந்தத் தெரு முதலில், எந்தத் தெரு பிறகு என்று. டீ குடிக்க நிறுத்தினால், “ஏன் நிறுத்தினீர்கள்?” என்று கேட்கிறதாம். “பொண்டாட்டிகூட இப்படிக் கேட்டதில்ல” என்று சிரிக்கிறார்.

ஜூலை 6, ஞாயிறு

அக்காவுக்குச் செருப்பு நுழையவில்லை. அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு வீடு முழுக்க டப் டப் என்று நடந்தாள். “பாருங்கப்பா, உங்களை மாதிரியே நடக்குறேன்.” எல்லோரும் சிரித்தோம். அம்மா, “இந்த மாசத்துல எல்லாருக்கும் வீங்கும், எனக்கும் ரெண்டு தடவையும் வீங்குச்சு” என்றாள்.

எனக்கு எதுவோ உறுத்தியது. “அக்கா, தலையெல்லாம் வலிக்கலையே?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் ஒண்ணும் இல்லடி” என்றாள்.

சரி என்று விட்டுவிட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

ஆஸ்பத்திரி வராந்தா. எழுதாமல் இருந்தால் கத்திவிடுவேன் போலிருக்கிறது. பையில் இந்த நோட்டுதான் இருந்தது.

காலையில் ஆபீஸ் கிளம்பிக்கொண்டிருந்தேன். அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் நெற்றியை அழுத்திக்கொண்டிருந்தாள். மடியில் போன். வாட்டர் பாட்டிலை எடுக்கக் குனிந்தபோது திரை கண்ணில் பட்டது.

நன்றாக ஓய்வு எடுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். போன் பார்ப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அதே மூன்று. அதே வரிசை. அதே முற்றுப்புள்ளிகள். அதற்கு மேலே அக்காவின் கேள்வி: ‘வேலை பாத்ததாலதானே?’

நான் அப்பாவைக் கூப்பிட்ட சத்தத்தில் மாடி வீட்டுக்காரர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். நான் கத்தி யாரும் கேட்டதில்லை. நானே கேட்டதில்லை.

அப்பா வண்டியிலேயே போனோம். பார்சலுக்கு நடுவில் அக்காவைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். கண்ணைத் திறந்தால் மின்னுது மின்னுது என்றாள். வண்டிக்குள் அந்த மெஷின், “நீங்கள் பாதை மாறிவிட்டீர்கள், திரும்புங்கள், நீங்கள் பாதை மாறிவிட்டீர்கள்” என்று சொல்லிக்கொண்டே வந்தது. அப்பா அதைப் பிடுங்கிக் காலடியில் போட்டார். அங்கிருந்தும் சொல்லிக்கொண்டே வந்தது.

பிரஷர் பார்த்த நர்ஸ் மறுபடி ஒரு தடவை பார்த்தார். “எப்ப இருந்து தலைவலி?”

அக்கா, “சனிக்கிழமையில இருந்து” என்றாள்.

சனிக்கிழமை! நான் கேட்டது ஞாயிற்றுக்கிழமை!

“யார்கிட்டயும் சொல்லலையாம்மா?”

“சொன்னேன் மேடம். போன்ல.”

நர்ஸ் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தார்.

இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் வலிப்பு வந்திருக்குமாம். குழந்தையை இன்றே எடுத்தாக வேண்டுமாம். எட்டாவது மாத ஆரம்பம்தான். இரண்டு பேருக்கும் உறுதி சொல்ல முடியாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். மாமா வண்டி ஏறிவிட்டார். அப்பாவுக்குக் கை வரவில்லை. நான் போட்டேன். படிச்ச பொண்ணு நீ போடு என்றார்கள்.

படிச்ச பொண்ணு. கேள்வியைப் படிச்ச பொண்ணு. படிச்சுட்டு ஒரு பட்டனை அமுக்கின பொண்ணு.

‘தலையெல்லாம் வலிக்கலையே’ன்னு கேட்டேனே, அது என்ன கேள்வி? பதிலையும் உள்ளேயே வெச்சுதானே கேட்டேன்? அவ தலையாட்டினா. நானும் திருப்தியாப் போயிட்டேன். எனக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

ஜூலை 9, புதன்

பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள். என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் உள்ள நீளம்தான் இருக்கும். தோல் வழியாக நரம்பெல்லாம் தெரிகிறது.

அக்கா இன்னும் கண் திறக்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

அக்கா கண் திறந்தாள். முதலில் கேட்டது, “பாலு குடிக்குதா?”

ஜூலை 12, சனி

அம்மா மருந்து வாங்கப் போயிருந்தாள், மாமா குழந்தையைப் பார்க்கப் போயிருந்தார். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன் என்று தோன்றியது. எல்லாவற்றையும் சொன்னேன். மாப்பிள்ளை, பஞ்சம், ஊறப்போடுவது, அந்தப் பெண்ணின் கேள்வி.

அக்கா கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப நீ அன்னைக்கே எழுதியிருந்தா, எனக்குச் சரியாச் சொல்லியிருக்குமா?”

“தெரியலக்கா. சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் இருந்திருக்கலாம்.”

அதுதான் உண்மை. திருத்தியது எப்போது எந்தப் போனுக்குப் போய்ச் சேரும் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. இந்தத் தெரியாததை வைத்துக்கொண்டு நான் எப்படித் தூங்குவது?

“கேட்ட அந்தப் பொண்ணு என்ன ஆனா?”

அதுவும் தெரியாது. பெயரை அழித்துத்தான் அனுப்புவார்கள்.

அக்கா தலையை என் பக்கம் திருப்பிக் கேட்டாள்: “இப்பப் போய்ச் சொன்னா உனக்கு வேலை போயிடுமா?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“சனிக்கிழமை ராத்திரியே வலிச்சுச்சுடி. எழுப்பலாம்னுதான் பாத்தேன். நீ வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்கிட்டிருந்த. பாவமா இருந்துச்சு. அது எப்பவும் முழிச்சுக்கிட்டேதானே இருக்கு. அதான் அதைக் கேட்டேன்.”

அவளிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. கேட்க எனக்கு என்ன தகுதி? அம்மா வந்துவிட்டாள்.

ஜூலை 14, திங்கள்

காலையில் போனதும் ‘பிறகு’வில் கிடந்ததையெல்லாம் எடுத்து எழுதி அனுப்பினேன். அந்தக் கேள்வியை முதலில். அவசரம் என்று குறித்து, என் அக்காவுக்கு நடந்ததையும் கீழே எழுதினேன். அப்படியெல்லாம் எழுதக்கூடாது என்று விதி. எழுதினேன்.

குண்டூசி என் கையைப் பிடித்தாள். “லூசாடி நீ? மாசக் கடைசிக்கு என்ன பண்ணுவ?”

சொன்னேன். அவள் முகத்தில் இருந்த கூர் எல்லாம் போய்விட்டது. தன் திரையைத் திறந்து, ஊறப்போட்டதை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டாள்.

“இங்க பாருடி… குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து… பெரியவங்க அளவைச் சொல்லியிருக்கு. நான் இதைப் பாத்துட்டு ‘சூப்பர் சரக்கு’ன்னு எடுத்து வெச்சேன்டி. சூப்பர் சரக்குன்னு.”

மத்தியானத்துக்குள், ஊறப்போட்டதை எடுத்து அனுப்புவது வரிசை முழுக்கப் பரவிவிட்டது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. டீ குடிக்க யாரும் எழுந்திருக்கவில்லை. தட்டுகிற சத்தம் மட்டும் மழை மாதிரி.

ஜூலை 15, செவ்வாய்

லீட் கூப்பிட்டார். நேற்று ஒரே நாளில் இத்தனை தப்பு எப்படி வந்தது என்று மேலே இருந்து கேட்கிறார்களாம். அவர் மேஜையில் இருந்த ஸ்டேப்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். யார் பெயரையும் சொல்லவில்லை. நான் செய்ததை மட்டும் சொன்னேன்.

“தப்பை எண்ணினா நாங்க தப்பை ஒளிச்சு வைப்போம் சார்” என்றேன். என் வாயிலிருந்தா வந்தது?

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்குத் தெரியும்மா. நானும்தான் ஊறப்போடுறேன். நல்ல வாரத்து நம்பரைக் கெட்ட வாரத்துக்கு எடுத்து வெச்சுத்தான் மேல அனுப்புறேன். எங்களை மேல இருக்கிறவங்க அவசரப்படுத்துறாங்க. அவங்களை இன்னொரு கம்பெனி அவசரப்படுத்துது. அந்தக் கம்பெனிக்காரனைக் கேட்டா எங்களைத்தான் கை காட்டுவான்.”

ஏன் இவ்வளவு வேகம் என்று கேட்டேனே. அது ஓடவில்லை. எல்லோரும் பயத்தில் ஓடுகிறார்கள், அதைத் தூக்கிக்கொண்டு. யார் முதலில் பயந்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை.

ஜூலை 25, வெள்ளி

அடுத்த வடிவம். அந்தக் கேள்வியைக் கொடுத்தேன், அதே வார்த்தைகளில்.

‘இல்லை, இது வேலையால் வந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏழாம் மாதம் என்று சொன்னீர்கள். இது ஆபத்தாக இருக்கலாம். இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள். பக்கத்தில் யார் தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுப்புங்கள்.’

கடைசி வரி நான் எழுதிக் கொடுத்தது. அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது.

பாத்ரூமுக்குப் போய் அழுதேன். இனி எத்தனையோ பேருக்கு இதைச் சரியாகச் சொல்லும். சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் வேறு அறைகளில், வேறு மாடிகளில் என்னென்ன ஊறிக்கொண்டிருக்கிறதோ?

ஆகஸ்ட் 1, வெள்ளி

எல்லாவற்றையும் கொட்டிவிட்டதால் தப்பு தீர்ந்துவிட்டது. தப்பு தீர்ந்ததால் நாங்களும் தீர்ந்துவிட்டோம். பாதி என்று சொன்னவர்கள் முக்கால்வாசிப் பேரை அனுப்பிவிட்டார்கள். என்னை வைத்துக்கொண்டார்கள். வீட்டில் பேசுகிற மாதிரிக் கேள்வி எழுதித் தர ஆள் வேண்டுமாம்.

குண்டூசிக்கு வேலை போய்விட்டது. அந்தச் செடியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். என் வாயைப் பொத்தினாள்.

“மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காத. இந்த வயசுல ரெண்டு பையனுங்களை மேய்க்கிறதே எனக்குப் போதும், மாப்பிள்ளை வேறயா? நீ நல்லா குத்து. தலையாட்டுறதை மட்டும் அவருக்குக் கத்துக்கொடுக்காத.”

படி இறங்கும்போது திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டது. இன்னும் குட்டிதான். அழும்போது மட்டும் குண்டூசி மாதிரி. அம்மா யாரையும் தொடவிடாமல் காவல் காக்கிறாள். அப்பா வேலைக்குப் போகும்போது மூன்று தடவை திரும்பி வந்து பார்த்துவிட்டுப் போனார். மெஷின் அவரைக் கேள்வி கேட்டிருக்கும். கேட்கட்டும்.

அக்கா இப்போதும் போனில் கேட்கிறாள். எத்தனை மணிக்கு ஒரு தடவை பால் கொடுக்கணும், இப்படித் தும்முதே, இது சளியா. நான் தடுக்கவில்லை. அது நன்றாகத்தான் சொல்கிறது. ஒவ்வொரு பதிலையும் எட்டிப் பார்க்கிறேன். கடைசி வரி வரைக்கும் படித்த பிறகுதான் நகர்கிறேன். இந்தப் பழக்கம் இனிமேல் போகாது என்று நினைக்கிறேன். தூக்கத்தில் அக்கா புரண்டாலும் விழித்துக்கொள்கிறேன். ஆனால் அவள் புரளாமலே வலியைத் தாங்குகிறவள்.

நோட்டைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடப் போகிறேன். உன்னுடைய சட்டை அளவுக்கு நிறையப் பக்கம் மிச்சம் இருக்கிறது, அக்கா. நீ வரைந்த அளவு குழந்தைக்கு இப்போது தொளதொள என்றிருக்கும். வளர்ந்துவிடுவாள்.

அன்று வார்டில் கேட்க வந்து கேட்காமல் விட்டது ஒன்று இருக்கிறது. எனக்குத் தகுதி இல்லை என்றுதான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. இப்போதும் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

நான் எவ்வளவு அசந்து தூங்கினாலும், வாயைப் பிளந்துகொண்டே கிடந்தாலும், மூஞ்சியைக் காட்டினாலும், திட்டினாலும் —

என்னை எழுப்புக்கா.